அண்ணா என்று கூப்பிட்ட மூன்று வருஷம்

சந்தேகம் வந்துவிடுமாம். மூன்று வருஷமாக யாருக்கும் வராத சந்தேகம் நான் இன்றைக்கு ஒரு தடவை முடியாது என்று சொன்னால் வந்துவிடுமாம். மணி பத்தே கால். மெசேஜ் வந்தது ஒன்பதே முக்காலுக்கு, அதுவும் முப்பது அடி தள்ளி டெஸ்பாட்ச் பக்கம் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டே அனுப்பியிருக்கிறான் நவநீதன். அம்மா பதினோரு மணிக்குக் கம்பெனிக்கு வர்றாங்க, எல்லாருக்கும் பத்திரிகை வைக்க, உன்ன நாத்தனார் முடிச்சு போடச் சொல்லிக் கேப்பாங்க, முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத மேகலா, சந்தேகம் வந்துரும். கடைசியில் கும்பிடுகிற கை ஒன்று, மஞ்சளாக. கும்பிடுகிறாராம் பெரிய மனுஷர். இதைப் படித்துவிட்டு போனை டிராயருக்குள் போட்டு, டிராயரைச் சாத்தி, மறுபடி திறந்து மறுபடி படித்தேன், ஒருவேளை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. தப்பில்லை. நவநீதன் தாலி கட்டுவான், முதல் முடிச்சை அவன் போடுவான், மிச்சம் இரண்டு முடிச்சையும் அவனோடு கூடப் பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டும். அவனுக்குக் கூடப் பிறந்தவள் கிடையாது. ஆகவே நான். அவனோடு மாயனூர் கதவணைக்குப் போய் உட்கார்ந்திருந்த நான், எங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று அவனோடு சண்டை போட்ட நான். துணி ஓடிக்கொண்டிருக்கிறது. சாய்வான கண்ணாடிப் பலகை, அடியில் நாலு டியூப்லைட், அதன்மேல் மேசைவிரிப்புத் துணி நீலக்கட்டம் நீலக்கட்டமாக இறங்கிக்கொண்டே இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இழை விட்டிருந்தால், எண்ணெய் பட்டிருந்தால், கால் பெடலை மிதித்து நிறுத்தி ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் போகிற சரக்கு. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண் பார்க்கிறது, நான் பார்க்கவில்லை.

அண்ணா என்று கூப்பிடுவதை யார் ஆரம்பித்தது என்று யோசித்தால் அதற்கும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் ஆரம்பித்தது நான். இந்தக் கரூரில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஆம்பளை என்றால் அண்ணா, சூப்பர்வைசர் அண்ணா, டிரைவர் அண்ணா, டீ கொண்டுவருகிற ஐம்பது வயது மனுஷர்கூட டீ அண்ணா. வந்த முதல் வாரம் இவனையும் அப்படித்தான் கூப்பிட்டேன். நவநீண்ணா, அந்தத் துணி பேல் பிரிக்கலையாண்ணா. எட்டு மாசம் கழித்து அவன் என்னிடம் வந்து, ஒரு பேக்கிங் லிஸ்டைப் பின்பக்கம் திருப்பி அதில் உன்னப் பிடிச்சிருக்கு என்று எழுதிக் காட்டி, காட்டின கையோடு கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினான். சிரித்துவிட்டேன். சிரித்த வாய்தான் கெடுத்தது. அதற்குப் பிறகு நான் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆசைப்பட்டபோது அவன் சொன்னான், வேண்டாம், திடீர்னு மாத்தினா கண்டுபிடிச்சிருவாங்க, அண்ணான்னே இருக்கட்டும், அதுதான் சேஃப். சேஃப். அந்த வார்த்தையை அவன் சொல்லும்போது எனக்கு அது எவ்வளவு பொறுப்பான வார்த்தையாகத் தெரிந்தது. எனக்காக யோசிக்கிறான் என்று நினைத்தேன், எங்கள் அப்பாவின் காதுக்குப் போய்விடக் கூடாது என்று கவலைப்படுகிறான் என்று. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் போனால் நவநீ, கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் அண்ணா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வைத்தாலும் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அத்தனை தடவையும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு, எல்லாரையும் ஏமாற்றிவிட்டோம் என்கிற அற்பச் சந்தோஷம். யாரை ஏமாற்றினேன் என்று இப்போது தெரிகிறது. அந்த ஒரு வார்த்தையை என் வாயாலேயே தினம் தினம் சொல்ல வைத்து, தான் நழுவிப் போவதற்கு வழியை அவன் அன்றைக்கே போட்டு வைத்துக்கொண்டான். அல்லது அவ்வளவு புத்தியெல்லாம் அவனுக்குக் கிடையாதோ. கிடையாதுதான். கோழைக்குத் திட்டம் எதற்கு, பயமே எல்லா வேலையையும் செய்துவிடும்.

ஐந்து மாசம் ஆகிறது. ஜூஸ் கடையில் வைத்துச் சொன்னான். சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்து, நான் பாதி குடிக்கும்வரை காத்திருந்து, அம்மாகிட்ட சொல்லிட்டேன் என்றான். எனக்கு நெஞ்சு குதித்தது, கடைசியில் சொல்லிவிட்டானே என்று. அம்மா அழறாங்க மேகலா, மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல, அப்பா போனதுக்கப்புறம் என்னை நம்பித்தான் உயிரோட இருக்கேன்னு சொல்றாங்க, என்னால முடியல. அவன் கண்ணில் தண்ணீர். நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். இதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன், முதுகைத் தட்டிக் கொடுத்து, பரவால்ல நவநீ, முதல்ல அம்மாவைச் சாப்பிட வை என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பினேன். வீட்டுக்குப் போய் எனக்கும் சோறு இறங்கவில்லை, ஒரு வயசான அம்மா என்னால் பட்டினி கிடக்கிறாள் என்று. மறுநாள் கம்பெனிக்கு வந்து, நவநீண்ணா, அம்மா சாப்ட்டாங்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ம், சாப்ட்டாங்க என்றான், கணினியைப் பார்த்தபடி. இந்தக் கதையை யாரிடம் போய்ச் சொல்வது. ஊரறியக் காதலித்தவளுக்கு ஊரறிய அழவாவது முடியும், தோழி வந்து பக்கத்தில் உட்காருவாள், அம்மா திட்டிக்கொண்டே தலையைத் தடவிக் கொடுப்பாள். எனக்கு நடந்தது யாருக்குமே தெரியாது. அதனால் யாரும் வரவில்லை. இரண்டு நாள் லீவு போட்டேன், வைரல் ஃபீவர் என்று. வீட்டில் நம்ப வேண்டும் என்பதற்காக டாக்டரிடம் போனேன், டாக்டர் நம்ப வேண்டும் என்பதற்காக இருமினேன், அவர் கொடுத்த மாத்திரையை அம்மா எதிரில் நின்று பார்த்ததால் விழுங்கினேன். இல்லாத காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு, இருக்கிற வலிக்கு ஒன்றும் சாப்பிடாமல், பாத்ரூமில் பைப்பைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். பைப்பை மூடுடி, மோட்டார் போட்டு இப்பத்தான் டேங்க் ரொம்பியிருக்கு என்று அம்மா கத்தினாள். மூடினேன். அழுகையையும்தான்.

ஆறிவிடும் என்று நினைத்தேன். போனில் வருகிற வீடியோவில் எல்லாம் சொல்கிறார்களே, நடக்கப் போ, தண்ணீர் குடி, புதிதாக ஏதாவது கற்றுக்கொள். நடந்தேன். தண்ணீரும் குடித்தேன். ஆனால் முப்பது அடி தூரத்தில் அவன் டேப் கிழிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதே, சர் சர்ரென்று நாள் முழுக்க, அதற்கு எந்த வீடியோவில் வைத்தியம் இருக்கிறது. போன மாசம் நிச்சயதார்த்தம். குளித்தலைப் பெண், டீச்சருக்குப் படித்தவள், சுகந்தி என்று பேர். மைசூர்பாகு கொண்டுவந்தான். எல்லாருக்கும் ஒரு துண்டு, எனக்கு மட்டும் இரண்டு, தங்கச்சிக்கு ஸ்பெஷல் என்று கேலி பண்ணினார்கள், நான் பக்கத்து மேசை ஜெரினா கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தின்றேன். நெய் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை, நன்றாக இருந்தது என்று நாக்குக்குத் தெரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மெசேஜ் நிற்கவில்லை. சாப்ட்டியா. தலைவலி சரியாச்சா. உன்ன மறக்க முடியல. அந்தப் பொண்ணுகிட்டப் பேசவே வர மாட்டேங்குது மேகலா. பேச வராவிட்டால் போய் வாயில்லாத ஒன்றைக் கட்டிக்கொள்வதுதானே என்று டைப் அடித்தேன். அழித்தேன். ம் என்று அனுப்பினேன். அந்த ம்-முக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம். பிளாக் பண்ணியிருக்கலாம், பண்ணவில்லை. அவன் தவிக்கிறான் என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு பிச்சைக்காரத் திருப்தி இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. தவிக்கிறவன் ஜவுளி எடுக்கப் போனான், மண்டபம் பிடித்தான், பத்திரிகையில் மயில் படம் வேண்டாம் பிள்ளையார் போதும் என்று ஆபீஸில் உட்கார்ந்தே டிசைன் பார்த்தான். தவிப்பு ஒரு பக்கம் நடக்கும், காரியம் ஒரு பக்கம் நடக்கும். அவனுக்கு இரண்டும் வேண்டும். இப்போது மூன்றாவதாக ஒன்று கேட்கிறான், என் கையை. அதுவும் பிடிப்பதற்கு இல்லை.

பத்தரை. எனக்கு அவனைப் பற்றிப் பயமில்லை, அவன் அம்மாவைப் பற்றிக்கூட இல்லை, என் வாயைப் பற்றித்தான். என் வாய்க்குச் சரிங்க என்று சொல்லித்தான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா மேகலா, சரிங்க சார். உன் தம்பி படிக்கட்டும், நீ வேலைக்குப் போறியா, சரிப்பா. அண்ணான்னே இருக்கட்டும், சரி. பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்து என் தாடையைத் தொட்டு, எனக்குப் பொண்ணு இல்லாத குறையை நீதாம்மா தீர்க்கணும் என்று கேட்டால், சுற்றிலும் நாற்பது பேர் டீ கிளாஸோடு நின்றால், என் வாய் தானாகத் திறந்து சரிங்கம்மா என்று சொல்லிவிடும். சொல்லிவிட்டால் முடிந்தது. மண்டபம். மேளம். நான் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிற்பேன். அவள் பின்னங்கழுத்து வியர்த்திருக்கும், மாலைக்கும் சடைக்கும் நடுவே விரலை விட்டு மஞ்சள் கயிறைத் தேட வேண்டும். எதிரில் அவன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கும், அவன் கயிற்றை என் கையில் கொடுப்பான், விரல் படும். அவள் குனிந்துகொண்டு இருப்பாள், பாவம், பின்னால் நிற்பவள் யார் என்று தெரியாமல். அவளுக்கு நாத்தனார் என்று என்னைக் காட்டுவார்கள், அவளும் வருஷா வருஷம் பொங்கலுக்கு எனக்கு மஞ்சள் குங்குமம் கொடுப்பாள், அவள் பிள்ளை பிறந்தால் அத்தை என்று கூப்பிடும். அத்தை! பேர்கூட நான் வைத்ததாக இருக்கும், வைத்தாலும் வைப்பான். அந்த முடிச்சைத் தளர்த்தியாகப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே வெட்கமாகிவிட்டது, அவள் என்ன செய்தாள் எனக்கு. இறுக்கிப் போடுவதும் முடியாது, தளர்த்திப் போடுவதும் முடியாது. அந்த இடத்தில் போய் நிற்பதுதான் முடியாது. இதைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். முடியாது. நாலு எழுத்து. முடியாதுங்கம்மா. துணி ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் சிக்கியது. இன்னொரு தடவை சொன்னேன்.

"என்னக்கா முடியாது?" என்று ஜெரினா பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள், கண் கத்தி மாதிரி. அவள் எழுந்து வந்து என் பெடலை மிதித்து மிஷினை நிறுத்தி, துணியைப் பின்னால் இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை, அதற்குக் கீழே ஒரு முழம் தள்ளி இன்னொன்று. இரண்டையும் நான் விட்டிருக்கிறேன். "இது குருடன் கண்ணுக்கே தெரியும்க்கா. என்னாச்சு உங்களுக்கு? அண்ணன் கல்யாண டென்ஷனா?" என்று சிரித்தாள். "ஆமா, அண்ணன் கல்யாணம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் இரண்டு அம்பையும் அவளே ஒட்டிவிட்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாத்தனார் முடிச்சுக்குப் பட்டுச்சேலை எடுத்துட்டாங்களாம், நவநீண்ணா சொல்லிட்டு இருந்துச்சு. அரக்கு கலராம். உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்றாள். எடுத்துவிட்டார்களா. கேட்பதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்களா. அவன் அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான், கும்பிடுகிற கையோடு. எனக்கு அப்போது வந்த கோபத்தில் துணியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மாசமாக நான் சோகம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் முக்கால்வாசி இதுதான் என்று தோன்றியது. கோபத்துக்கு நான் தவறாகச் சோகம் என்று பேர் வைத்துவிட்டேன். சோகத்துக்கு நடக்கப் போகலாம், தண்ணீர் குடிக்கலாம். கோபத்துக்கு அதெல்லாம் போதாது.

பதினோரு மணிக்கு மணி அடித்தது, மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன, டீ அண்ணா டிரம்மைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே நேரத்துக்கு அவன் அம்மாவும் வந்தாள். ருக்மணியம்மாள். நான் அவளைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். மனசுக்குள் அவள் எப்போதும் சுவரோரம் சுருண்டு படுத்து, தொண்டை காய்ந்து, மகன் பேரைச் சொல்லிப் புலம்புகிற ஒருத்தி. வந்தவள் நல்ல வாட்டசாட்டமாக, வெற்றிலை போட்ட வாயோடு, தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கையிலும் பத்திரிகையை வைத்து, குடும்பத்தோட வந்துரோணும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் அவன், தலையைக் குனிந்து, கல்யாண மாப்பிள்ளையின் சிரிப்போடு. என்னிடம் வந்ததும் அவள் தாம்பாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, துணிக்கடைப் பை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "அம்மிணி, இப்பிடி ஓரமா வா, ஒரு வார்த்த பேசோணும்" என்றாள். அவன் முகம் வெளுத்தது. அவனும் வரப் பார்த்தான். "நீ இங்கயே இரு" என்றாள். நாங்கள் துணி உருளைகள் அடுக்கியிருக்கிற ஸ்டோர் வாசலுக்குப் போனோம். கஞ்சி போட்ட துணியின் நெடி. முடியாதுங்கம்மா, முடியாதுங்கம்மா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, வெளியே வருமா என்று தெரியவில்லை.

"போட்டோவுல பாத்ததுக்கு எளச்சுப் போயிருக்கறயே கண்ணு" என்றாள். "எனக்குப் பொட்டப்புள்ள இல்லீன்னு உனக்கே தெரியும். அந்த ரெண்டு முடிச்சு நீதான் போடோணும். சேலைகூட எடுத்தாச்சு" என்று பையை என் கையில் வைத்தாள்.

"அம்மா, நான்…"

"எனக்குத் தெரியும் கண்ணு."

"என்னதுங்கம்மா தெரியும்?"

"எல்லாந்தான். அவன் போனுல உன்ர நம்பருக்குக் கார்மேகம் லாரி ஆபீஸுன்னு பேரு போட்டிருக்கறான். எந்த லாரிக்காரங்கிட்ட மூணு வேளையும் சாப்ட்டியா சாப்ட்டியான்னு கேப்பாங்க? எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் தெரியுமில்ல. நிச்சயம் முடிஞ்சும் அவன் விடமாட்டீங்கறான். நேத்து ராத்திரிகூட என்னமோ அனுப்பிச்சான், பாத்துட்டுத்தான் இருந்தேன்." அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ அந்த முடிச்சப் போட்டுட்டயின்னா அவனுக்கு நீ கூடப் பொறந்தவ. அதுக்கு மேல அவன் உன்ர பக்கம் திரும்ப மாட்டான். நாலு பேருக்கு முன்னாடி நடந்தத மீற அவனுக்குத் தைரியம் பத்தாது. எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறாள். சேலையோடு. நான் என்னென்னவோ நினைத்துப் பயந்தேனே, அந்த அம்மா ஒன்றும் அறியாதவள், அவள் மனசு உடையக் கூடாது என்று. இவள் தன் மகனுக்குக் காவல் போட என் கையைக் கேட்கிறாள். அவன் சந்தேகம் வராமலிருக்க என் கையைக் கேட்கிறான். அம்மாவும் மகனும் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள், கை மட்டும் என்னுடையது. ஆனாலும் அந்த மூன்று நாள் பட்டினி நினைவுக்கு வந்தது, அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லாததுபோல. அதனால் கேட்டேன், சண்டைக்காக இல்லை, மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். "அவர் எங்களப் பத்திச் சொன்னப்ப நீங்க மூணு நாள் சாப்பிடாம இருந்தீங்கன்னு சொன்னாரும்மா. அது என்னாலதான்னு எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"எவன் சொன்னான்?" அவள் கையை விட்டுவிட்டாள். "எனக்குச் சக்கர இருக்குது அம்மிணி. ஒரு வேள திங்காட்டி மயக்கமடிச்சு உழுந்துருவேன், மூணு நாள் எப்புடிக் கெடப்பேன்? அவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்குல. நானாத்தான் போனப் பாத்துக் கண்டுபுடிச்சேன், அதுவும் நிச்சயத்துக்கு அப்பறம்."

"கேட்டிருந்தா?"

அவள் வெற்றிலை எச்சிலை விழுங்கினாள். "கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன். கண்டிப்பாப் போட்டிருப்பேன். அப்பறம் என்ன ஆயிருக்குமோ, எனக்கே தெரியில கண்ணு. கேக்கவே இல்லாததுக்கு நானென்ன பதில் சொல்லட்டும்?"

கேட்கவே இல்லை. சாத்துக்குடி ஜூஸ், கண்ணில் தண்ணீர், பச்சத்தண்ணி பல்லில் படவில்லை. நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். ஐந்து மாசமாக ஒவ்வொரு வேளையும் தட்டில் கை வைக்கும்போது இந்த அம்மாளை நினைத்தேன், இவள் நன்றாகச் சாப்பிட்டு மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை வேண்டாம் என்று சொன்னது யார் என்று பார்த்தால் ஒருத்தருமே இல்லை. இந்த அம்மா சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, சாதி சொல்லவில்லை, யாரிடமும் யாரும் கேட்காதபோது யார் சொல்வார்கள். என்னை யாரும் மறுக்கக்கூட இல்லை. அவ்வளவு பெறாதவளா நான், ஒரு கேள்விக்குக்கூடப் பெறாதவளா. எனக்குக் கால் தரையில் படுகிற உணர்வு வந்தது, செருப்புக்குள் விரல்கள், விரல்களுக்கு அடியில் சிமெண்டின் சூடு. அந்தத் தொண்டைச் சிக்கல் எங்கே போனது என்று தெரியவில்லை. சேலைப் பையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன், மரியாதையாகத்தான் கொடுத்தேன், இரண்டு கையாலும். "வாங்கம்மா" என்று அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தேன். நாற்பது பேர், டீ கிளாஸ்கள், ஜெரினா பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அவன் தாம்பாளத்தோடு நின்றான்.

"நவநீ" என்றேன்.

பிஸ்கட் டீக்குள் விழுந்திருக்க வேண்டும், ஜெரினா ஐயோ என்றாள். அவன் சிரிப்பை மாற்றாமல், உதட்டை அசைக்காமல், "மேகலா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

"பாக்கட்டும். அம்மா இங்க நிக்கறாங்க. நல்லாச் சாப்ட்டுட்டுத்தான் வந்திருக்காங்க. இப்பக் கேளு."

"என்ன கேக்கணும்?"

"இந்தப் பொண்ணக் கட்டிக்கட்டுமான்னு அம்மாகிட்டக் கேளு. மூணு வருஷமா கேக்காதத இப்பக் கேளு. உன்னக் கட்டிக்கறதுக்காகச் சொல்லல, பயப்படாத. நீ கேட்டாத்தான் நான் மாட்டேன்னு சொல்ல முடியும். எனக்கு அதைச் சொல்லணும்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் எத்தனை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன், அவளும் காத்திருந்தாள், இவன் வாயைத் திறக்கிறானா என்று. அவன் தாம்பாளத்தில் இருந்த பத்திரிகைகளை நேராக அடுக்கினான். விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு, யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில், "டீ ஆறுது, அப்புறம் பேசலாம்" என்றான். நான் இவனுக்காகவா அழுதேன் என்று நினைத்தபோது எனக்கு முதல் தடவையாக அழுகை வரவில்லை. அவன் கேட்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு அவன் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று, "மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் டீயை எடுத்துக்கொண்டேன்.